பன்னிரண்டாவது விடைத்தாள்

"மூணு மணிக்குத்தானே சார் வெளியில விடுவாங்க?"

ஜெயில் வாசலில் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் அந்தப் பெண் கேட்டாள். முப்பது வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து ஒரு ஜோடி புதுச் செருப்பின் நுனி எட்டிப் பார்த்தது.

"யாரை?" என்றேன்.

"எங்கப்பாவை. உள்ள வயரிங் வகுப்பு நடத்துறாங்கல்ல, அதுல பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கியிருக்கார். இன்னைக்குக் கமிட்டி. விடுதலை லிஸ்ட்ல அவர் பேரு இருக்காம்." மூச்சு விடாமல் சொன்னாள். "பதினாலு வருஷம் சார். வீட்ல அவருக்குன்னு ஒரு ரூம் கட்டியிருக்கேன். வயரிங் மட்டும் பாக்கி. வெளி ஆளைக் கூப்பிடாதே, நானே வந்து பண்றேன்னு லெட்டர் போட்டிருந்தார்."

"கவலையே படாதீங்க. மூணு மணிக்குச் செருப்பு பையில இருக்காது, கால்ல இருக்கும்."

வாய்க்கு வந்ததைச் சொல்வது என் வழக்கம். அன்றைக்கு அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"தம்பி, ஜோசியம் சொன்னது போதும். வா" என்றார் அண்ணி, ஹெல்மெட்டை என் கையில் திணித்தபடி.

அண்ணி என்றால் என் சொந்த அண்ணனின் மனைவி. இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கிளெய்ம்களைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் துப்பறியக் கிளம்பினார். நான் அவருக்கு உதவியாளன், டிரைவர், அவர் எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும் கண்ணாடியைக் கண்டுபிடித்துத் தரும் தனிப் பிரிவு.

சின்னக் கதவுக்கு அந்தப் பக்கம் எங்களை வரவழைத்தவர் காத்திருந்தார். வயரிங் வகுப்பின் வாத்தியார். ஐம்பது வயது, ஒட்டிய கன்னம், இரண்டு நாள் தாடி. ஒரு அடி மர ஸ்கேல் ஒன்றைத் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுவது அவருக்கே தெரியவில்லை.

"மூணு மணிக்குக் கமிட்டி உட்காருதும்மா. இப்பவே பன்னிரண்டு ஆகப் போகுது" என்றார்.

"போன்ல பாதி அழுதீங்க, பாதிதான் சொன்னீங்க. முழுசாச் சொல்லுங்க."

நடந்துகொண்டே சொன்னார். வகுப்பில் பன்னிரண்டு பேர். இரண்டு வருஷப் படிப்பு. பாஸ் செய்தால் சான்றிதழ், அதோடு ஒரு வருஷத் தண்டனைக் குறைப்பு. செய்முறைப் பரீட்சை ஆறு மாதத்துக்கு முன்பே முடிந்து எல்லோரும் தேறிவிட்டார்கள். போன மாதம் எழுத்துப் பரீட்சை. தாள் திருத்திய அதிகாரி, பதினொரு பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று எழுதிவிட்டார். எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருக்கிறார்களாம். என்ன தப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை.

"ரத்து ஆச்சுன்னா?"

"ஒரு வருஷம் போகும். இதுவரைக்கும் நன்னடத்தைக்குக் கிடைச்ச சலுகையும் போகும். வகுப்பையே பூட்டிடுவாங்க. மூணு நாளா ஒருத்தர் சாப்பிடலை. நேத்து ஒருத்தர் தலையைச் சுவத்துல மோதிக்கிட்டார், ஆறு தையல். இவங்க திருடியிருக்காங்க, அடிச்சிருக்காங்க, இல்லேங்கலை. ஆனா இதைச் செய்யலைம்மா. சத்தியமாச் செய்யலை."

"அந்தப் பன்னிரண்டாவது ஆள்?"

ஸ்கேல் தட்டுவது ஒரு நொடி நின்றது. "பெரியவர். அவர் தாள் மட்டும் சரி. முதல் மார்க்."

வாசலில் நின்ற பெண்ணின் அப்பா என்று புரிந்தது. ஒரு குடும்பத்துக்காவது இன்றைக்கு நல்ல நாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை அதிகாரி கண்காணிப்பாளரின் அறைக்குப் பக்கத்து அறையில் இருந்தார். சட்டைப் பையில் மூன்று சிவப்புப் பேனா. மனதுக்குள் அவருக்குச் சிவப்பு மை என்று பெயர் வைத்தேன். கெட்டவர் இல்லை. முப்பது வருஷமாக மற்றவர்களின் தப்பையே பார்த்துப் பார்த்து முகம் அப்படி ஆகிவிட்டவர்.

"தனியார் துப்பறிவாளரா? கண்காணிப்பாளர் சொன்னதால காட்டறேன்" என்று கட்டைப் பிரித்தார். "அஞ்சாவது கேள்வி. ஒரு படுக்கையறை, அதுக்கு வெளியில ஒரு வராந்தா. கதவு, ஜன்னல், விளக்கு, மின்விசிறி, சுவிட்ச் போர்டு எல்லாத்துக்கும் இடம் குறிச்சு வரையணும். குழந்தைகூட வரையும். பாருங்க."

பதினொரு தாள்களை மேஜையில் பரப்பினார். சிவப்பு வட்டம் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம். சுவிட்ச் போர்டு வராந்தாவில் இருந்தது.

"முப்பது வருஷத்துல ஒருத்தன்கூடப் படுக்கையறை சுவிட்சை வெளியில வச்சதில்லை. ஒரே நாள்ல பதினொரு பேர் வச்சிருக்கான்னா அதுக்கு என்ன அர்த்தம்?"

"படுத்தப்புறம் எழுந்து வெளியில போய் விளக்கணைச்சா உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருப்பார்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அண்ணி கைநீட்டினார். நெற்றிக்கு மேலேயே இருந்த கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிவிட்டேன்.

ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். "ஜன்னல் ஆளுக்கொரு சுவத்துல இருக்கு. ஃபேன் ஒருத்தர் நடுவுல, ஒருத்தர் ஓரத்துல. இந்த ஆள் கட்டில் வரைஞ்சு தலையணையும் வரைஞ்சிருக்கார். காப்பி அடிக்கிறவன் சரியா இருக்கறதையெல்லாம் விட்டுட்டு தப்பை மட்டும் பொறுக்கி எடுப்பானா சார்?"

"மாட்டிக்கக் கூடாதுன்னு மத்ததை மாத்தியிருப்பான்."

"சரி. இந்தக் கோடெல்லாம் ஏன் ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கு?"

குனிந்து பார்த்தேன். ஒரு சோப்பு நீளத்துக்கு ஒரு தடவை கோடு நின்று, கொஞ்சம் விலகி, மறுபடி ஓடியது.

வாத்தியார் பதில் சொன்னார். "அவங்களுக்கு ஸ்கேல் கிடையாதும்மா. இரும்பும் கூடாது, பிளாஸ்டிக்கும் கூடாது, உடைச்சா கத்தி ஆயிடும்னு. சோப்பு டப்பா மூடியை வச்சுத்தான் கோடு போடுவாங்க. எனக்கு மட்டும் இந்த மர ஸ்கேலுக்கு அனுமதி. உள்ள வரும்போது எழுதிக்குவாங்க, போகும்போது பார்த்துட்டு விடுவாங்க."

"படிப்பு மணக்கும்" என்றேன். அண்ணி என் காலை மிதித்தார்.

"நீங்க வகுப்புல எங்க வைக்கச் சொன்னீங்க?"

"உள்ளதான். நோட்டு எல்லாத்துலயும் இருக்கு. சத்தியமா எனக்கே புரியலை" என்றார் வாத்தியார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் மாதிரி இல்லை.

வகுப்பறைக்குப் போய்ப் பார்த்தோம். நோட்டில் உள்ளேதான் இருந்தது. பயிற்சிக்கு வைத்திருந்தது ஒரு பெரிய ஒட்டுப்பலகை. பல்பும் சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில் முடுக்கியிருந்தார்கள். அதில் அறையும் இல்லை, கதவும் இல்லை, உள்ளேயும் வெளியேயும் இல்லை. அண்ணி அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒன்றேகால் ஆகிவிட்டது.

"அண்ணி, கையில ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணு பண்ணலாம். இவங்க தூங்கற இடத்தைப் பார்க்கணும்."

வாத்தியார் தயங்கினார். "நானே அங்க போனதில்லைம்மா. வகுப்பறையோட சரி."

அனுமதி வாங்க இருபது நிமிஷம் ஆனது. ஒரு காவலர் நீண்ட நடை ஒன்றில் அழைத்துப்போய், ஆளில்லாத ஒரு செல்லைத் திறந்தார். ஆறடிக்கு எட்டடி. கூரைக்குக் கீழே கைக்கெட்டாத ஒரு சின்ன ஜன்னல்.

"உள்ள போ" என்றார் அண்ணி.

"நானா? நான் என்ன தப்பு செஞ்சேன்?"

"லிஸ்ட் பெரிசு. போ."

போனேன். கதவைச் சாத்தச் சொன்னார். இரும்புக் கதவு மூடியதும் பட்டப்பகலிலேயே உள்ளே மங்கிவிட்டது. காவலர் தாழ் போடும் சத்தம் கேட்டது.

"தம்பி, லைட்டைப் போடு."

கதவுக்கு வலது பக்கம் தடவினேன். சுவர். இடது பக்கம் தடவினேன். சுவர். தலைக்கு மேலே கம்பிவலைக்குள் பல்பு இருப்பது தெரிந்தது. சுவரில் முட்டி உயரத்திலிருந்து தலை உயரம் வரைக்கும் தேய்த்துப் பார்த்தேன். ஒரு ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன், வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பயமாக இருந்தது.

"என்ன சார் தேடறீங்க?" வெளியிலிருந்து காவலர்.

"சுவிட்ச்."

அவர் சிரித்தார். "அது உங்ககிட்ட இருக்காது சார். எங்ககிட்ட இருக்கும்."

டக் என்ற சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. பல்பு எரிந்தது.

வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில், சுவரின் வெளிப்பக்கம், அண்ணியின் விரல் அந்தக் கறுப்பு சுவிட்சின் மேல் இருந்தது. வாத்தியார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எட்டு வருஷம், பத்து வருஷம் இவங்க தூங்கின ரூம்ல சுவிட்ச் இங்கதான் இருந்திருக்கு" என்றார் அண்ணி. "தூங்கற ரூம் வரைன்னு கேட்டீங்க. அவங்க ரூமை வரைஞ்சாங்க. யாரும் யாரையும் பார்க்கலை."

வாத்தியார் சுவரில் சாய்ந்து அழுதார். சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்தேன். நான் எவ்வளவு பெரிய துப்பறியும் உதவியாளன் என்பதற்கு இது ஒன்றே போதும்.

மணி இரண்டு. சிவப்பு மை கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணி முடித்தபோது அவர் பேனாவை மூடி வைத்தார். முகம் இளகிவிட்டது போலத்தான் இருந்தது. அப்புறம் கட்டின் அடியிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார்.

"நல்லாச் சொன்னீங்கம்மா. நான் ஒத்துக்கிட்டே இருப்பேன். ஆனா இது பெரியவர் தாள். பதினாலு வருஷம் உள்ள இருக்கார். அந்தப் பதினொரு பேருல யாரும் இவ்வளவு இல்லை. சுவிட்சை உள்ளதான் வச்சிருக்கார். எல்லாரையும் மாத்தின பழக்கம் இவரை மட்டும் ஏன் மாத்தலை?"

அண்ணி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கும் இவங்களைக் கெடுக்கணும்னு ஆசை இல்லை. மூணு மணிக்கு நான் கையெழுத்துப் போட்டாகணும். இந்த ஒரு தாளுக்குக் காரணம் சொல்லுங்க, பதினொண்ணையும் விட்டுடறேன்."

அண்ணி அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றி, தாளின் மேலேயே வைத்து நகர்த்தினார். ஒருமுறை, இன்னொரு முறை. பிறகு தாளை மடிக்காமல் மேஜையில் வைத்துவிட்டு, "வாத்தியாரே, கொஞ்சம் வெளியில வாங்க" என்றார்.

நடையில் யாருமில்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு பெஞ்சில், கமிட்டி கூப்பிடுவதற்காக உட்கார வைத்திருந்த ஒரு கிழவர் மட்டும். பெரியவர் அவர்தான். கைகள் இரண்டையும் தொடைகளுக்கு அடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

அண்ணி குரலைத் தாழ்த்தினார். "அந்தத் தாள்ல கோடு ஒட்டுப் போடலை வாத்தியாரே. இந்தச் சுவத்துலேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் ஒரே இழுப்பு. உள்ள ஒரு அடி ஸ்கேல் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. உங்க கையில."

ஸ்கேல் தொடையில் தட்டுவதை நிறுத்தியிருந்தது.

"அவருக்குத் தெரியாத வேலை இல்லைம்மா" என்றார் வாத்தியார். குரல் உடைந்திருந்தது. "வயர்ல கோளாறு எங்கேன்னு காதை வச்சே சொல்லுவார். செய்முறையில அவர்தான் முதல். அதுக்கப்புறம் காய்ச்சல்ல படுத்தார், எழுந்தப்ப கை நடுக்கம். ஒரு கோடு போட முடியலை. தாளை வாங்கும்போது பார்த்தேன், பேரு மட்டும்தான் எழுதியிருந்தார். காவலர் தலை எண்ணிட்டிருந்தார். ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்து கால் மணி நேரத்துல முழுசையும் நானே எழுதிட்டேன். என் வீட்டு ரூமைத்தான் வரைஞ்சேன். சுவிட்ச் எங்க இருக்கோ அங்க வச்சேன். மத்தவங்க தாளைப் பார்க்கவே இல்லை."

"செல்லுக்கு முன்னாடி அழுதீங்களே, அப்பவே புரிஞ்சுதா?"

தலையசைத்தார். "இதைச் சொன்னா பெரியவர் போச்சு. அவர் பொண்ணு வாசல்ல நிக்குது. சொல்லலைன்னா பதினொரு பேர் போச்சு. என் வேலை போனா போகட்டும். நான் யாரைம்மா கொல்லட்டும்? நீங்களே சொல்லுங்க."

நான் செருப்பைப் பற்றியே நினைத்துக்கொண்டு நின்றேன். இரண்டு இருபத்தைந்து. அந்தக் கடிகாரத்தைக் கழற்றி வீசலாம் போலிருந்தது.

"சார்."

பெரியவர் எழுந்து நின்றிருந்தார். எவ்வளவு கேட்டாரோ தெரியாது. வாத்தியாரின் அழுகை கேட்டிருக்கும்.

"வெத்துத்தாள் குடுத்தவன் எப்படி முதல் மார்க் வாங்கினேன்னு எனக்குத் தெரியாதா சார்? பத்து நாளா வாயை மூடிட்டிருந்தேன். பொண்ணு செருப்பு வாங்கிட்டேன்னு எழுதிட்டா. அதுக்கப்புறம் வாய் வரலை." அவர் அண்ணியிடம் திரும்பினார். "பசங்களுக்கு நான் என்ன பண்ணணும்மா?"

"எதுவும் சொல்லக் கூடாதுங்கய்யா. வரைஞ்சா போதும்" என்றார் அண்ணி.

உள்ளே போனதும் வாத்தியார் ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டு, தான் செய்ததை இரண்டே வரியில் சொன்னார். அண்ணி கேட்டபடி சிவப்பு மை ஒரு வெள்ளைத்தாளைப் பெரியவர் பக்கம் நகர்த்தினார். கேள்வியில் இருப்பதைத் தவிர, சுவிட்சைப் பற்றிப் பெரியவரிடம் அந்த அறையில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒரு சோப்பு டப்பா மூடி கொண்டுவரச் சொன்னார்கள். அஞ்சாவது கேள்வியைப் படித்துக் காட்டினார்கள்.

முதல் தாளில் சுவரும் கதவும் வந்தன. விளக்கை வைத்தார். ஃபேனை வைக்கும்போது கை உதறி, பென்சில் தாளைக் கிழித்துவிட்டது. "இன்னொண்ணு குடுங்க சார்" என்றார். கிழிந்த தாள் தரையில் விழுந்தது. நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தாளில் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வரைந்தார். கோடு என்று அதைச் சொல்ல முடியாது. மண்புழு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. வியர்வை தாளில் சொட்டியது, சட்டையால் ஒற்றிவிட்டுத் தொடர்ந்தார். இரண்டே முக்கால். ஜன்னல் வந்தது. விளக்கு வந்தது. மின்விசிறி வந்தது. கடைசியில் கதவுக்குப் பக்கத்தில் பென்சில் வந்து நின்றது. சுவரைத் தாண்டி, வராந்தாவில், கோணலாக ஒரு சதுரம் போட்டு 'சுவிட்ச்' என்று எழுதினார்.

சிவப்பு மை அந்தச் சதுரத்தின் மேல் விரல் வைத்தார். "ஏன் பெரியவரே வெளியில வச்சீங்க?"

பெரியவர் நிமிர்ந்தார். கேள்வியே அவருக்குப் புரியவில்லை. "வேற எங்க சார் வைப்பாங்க?"

பதினொரு தாள்களிலும் சிவப்பு வட்டத்துக்குப் பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போட்டார் சிவப்பு மை. அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மார்க் கிடையாது, மற்றபடி எல்லோரும் பாஸ். பன்னிரண்டாவது தாளை ரத்து செய்தார். விடுதலை லிஸ்டில் ஒரு பெயரை அடித்தார். வாத்தியாரைக் கண்காணிப்பாளர் அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஸ்கேல் மேஜையிலேயே கிடந்தது.

"அடுத்த வருஷம் பெரியவர் வாயால சொல்ல, வேற ஒருத்தர் வரையலாம். விதியில இடம் இருக்கு. கேட்டிருந்தா இந்த வருஷமே குடுத்திருப்பேன். யாரும் கேட்கலையே" என்றார் சிவப்பு மை.

அதைக் கேட்டபோதுதான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு வரி விண்ணப்பம். அது தெரியாமல் ஒரு மனிதர் வேலையை இழந்தார், இன்னொருவர் ஒரு வருஷத்தை இழந்தார்.

நடையில் நாங்கள் போகும்போது உள்ளே எங்கோ பதினொரு பேர் சத்தம் போட்டுச் சிரிப்பது கேட்டது. பெரியவரும் கேட்டிருப்பார். காவலரோடு திரும்பி நடந்துகொண்டிருந்தவர் நிற்கவில்லை.

"நான் போய்ச் சொல்றேன்" என்றார் அண்ணி வாசலுக்கு வந்ததும்.

"வேண்டாம் அண்ணி. மூணு மணின்னு சொன்னவன் நான்தான்."

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். செருப்பை வெளியே எடுத்துக் கையில் வைத்திருந்தாள். பரீட்சையில் நடந்ததைச் சொன்னேன், ஜோக் ஒன்றுகூட இல்லாமல். அவள் அழவில்லை. கை நடுக்கம் என்றபோது மட்டும் உதட்டைக் கடித்தாள். அதை அவர் எந்தக் கடிதத்திலும் எழுதவில்லையாம். கடிதங்களை யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

என்ன கொடுப்பது என்று தெரியாமல் அந்தக் கிழிந்த தாளைக் கொடுத்தேன். பிரித்துப் பார்த்தாள். பாதி அறை. சுவிட்ச் வரைவதற்குள் கிழிந்துபோனது.

"சுவிட்ச் எங்கேன்னு இதுல போடலையே."

"இன்னொரு தாள்ல போட்டார். வெளியில, வராந்தாவுல" என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். செல்லுக்குள் நான் சுவரைத் தடவியதையும் சொன்னேன்.

அவள் செருப்பைப் பைக்குள் வைத்து, அதன் மேல் அந்தத் தாளை மடித்து வைத்தாள்.

"ரூமை அப்படியே போட்டு வைக்கறதா இருந்தேன். இனிமே வேண்டாம், அவர் கையால முடியாதுல்ல. நாளைக்கே ஆள் கூப்பிடறேன்" என்றாள். "சுவிட்சைக் கட்டில் பக்கத்துல வைக்கச் சொல்றேன் சார். படுத்துக்கிட்டே கை எட்டற இடத்துல. பதினாலு வருஷமா அவரா ஒரு விளக்கை அணைச்சதில்லை."

அண்ணி ஸ்கூட்டர் அருகில் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நெற்றிக்கு மேலேயேதான் இருந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.